ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

அண்ணாதுரை சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியதும், கேமராப் பதிவுகள் சேரும் பேக்கப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. அதே இடத்தில் ஐஸ் பெட்டியின் பிளக்கைச் செருகினான். ஐஸ் பெட்டிக்குள் ஸ்ரீஹரி படுத்திருந்தான். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். தலையில் சுற்றிய துணி காதுவரை இறங்கியிருந்தும் இரும்புப் பைப் விழுந்த இடம் மறையவில்லை.

“கரண்டு இல்லன்னா தாங்காது சித்தி. எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று பெற்றவள் தாட்சாயணியின் தோளைத் தொட்டான். ஸ்ரீஹரிக்குப் பெரியப்பா மகன். பந்தல், மூங்கில், மேளம் எல்லாம் அவன் ஏற்பாடுதான். அழுகையிலும் அவன் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

பிணத்தோடு வண்டியில் அப்போதுதான் வந்திறங்கிய நளினி, அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டு ஒயரைப் பிடுங்கியவன் பேக்கப் பெட்டியின் நெட்வொர்க் ஒயரையும் கழற்றிச் சுருட்டி ஜன்னல்மேல் வைத்துவிட்டான். ஐஸ் பெட்டிக்குக் கரண்டு வேண்டும், சரி. நெட்வொர்க் ஒயர் என்ன பாவம் செய்தது?

திருப்பதியில் அவளுக்கு இந்தப் பெட்டிகளை மாட்டிக் கொடுப்பதுதான் உத்தியோகம். பிச்சாட்டூர் ரோட்டில் அண்ணன் செல்போன் கடை வைத்தபோது, கடைக் கேமராவில் பதிவாவதெல்லாம் பின்னாலிருக்கும் இந்த வீட்டுப் பெட்டியிலும் வந்து சேரும்படி ஒயர் இழுத்தவள் அவள். நேற்று கடைக்குள் புகுந்து அவனை அடித்துக் கொன்றவர்கள் அங்கிருந்த ரெக்கார்டரை நசுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் இன்னொரு பெட்டி இருப்பது சொந்தக்காரர்களுக்குத்தான் தெரியும்.

பாஸ்வேர்டும் அப்படித்தான். ஸ்ரீஹரி கங்கம்மா பேரை வைத்திருந்தான். குலசாமி பேரை வைத்தால் யாரும் கை வைக்க மாட்டான் என்பது அவன் கணக்கு. “நம்ம சாமி பேரு பங்காளிங்க எல்லாருக்குந்தான் தெரியும். இதுக்குப் பேரு பூட்டாண்ணா?” என்று அவள் சண்டை போட்டாள். அவன் கேட்கவில்லை. கங்கம்மா என்று நுழைகிறவர்கள் பார்க்கலாம், அழிக்க முடியாது என்று வைத்துவிட்டு, அழிக்கிற அதிகாரத்தைத் தன் பாஸ்வேர்டுக்குள் பூட்டிக்கொண்டாள். அதை அவனிடம்கூடச் சொல்லவில்லை.

தெருவில் ஒருத்தன் அலறினான். சத்தியவேடு பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாக்காரன். அவனைக் கரண்டுக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ரீசார்ஜ் செய்ய வந்தவன் கடையிலிருந்து ஓடியதைக் கண்ணால் பார்த்ததாக ஊருக்குச் சொன்னவன் அண்ணாதுரைதான்.

“பொணம் எடுக்கறதுக்குள்ள இவனையும் அனுப்பிடணும்டா!” என்று யாரோ கத்த, சவுக்குக் கட்டை எலும்பில் விழும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

அண்ணாதுரை குனிந்தான். “அந்த டப்பாவ குடு நளினி. எஸ்ஐ கேட்டுக்கினு கீறாரு, ஸ்டேஷன்ல குடுத்துட்டு வரேன்.”

“நானே குடுக்கறேண்ணா.”

“பொம்பள நீ எதுக்கு ஸ்டேஷனுக்கு?”

நளினி எழுந்து ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். ரீங்காரம் நின்றது. ஒப்பாரியும் நின்றது.

“அடிப் பாவி! என் புள்ளைய என்னாடி பண்ற?” என்றாள் தாட்சாயணி.

அவள் பேக்கப் பெட்டிக்குக் கரண்டு கொடுத்தாள். அண்ணாதுரை அவள் முடியைப் பிடித்து இழுத்ததில் நெற்றி சுவரில் இடித்து ரத்தம் வந்தது. அதுவரை மூலையில் மண்ணாய் உட்கார்ந்திருந்த தகப்பனார் அப்பாவு எழுந்தார்.

“கைய எட்றா. சாவு ஊட்ல எம் பொண்ணு மேல கைய வெக்கற?”

கை விலகியது. நளினி பையிலிருந்து குட்டை ஒயரை எடுத்து, பெட்டியையும் லேப்டாப்பையும் நேராக இணைத்தாள். தனக்கு நெட்வொர்க் முகவரி தெரியாத எந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்தப் பெட்டி கதவு திறக்காது. அதற்குத் தெரிந்த கடைக் கம்ப்யூட்டரின் முகவரியை லேப்டாப்புக்குக் கொடுத்தாள். பாஸ்வேர்டு முதலில் தப்பாகப் போனது, அடுத்ததில் திறந்தது. பெட்டியின் நுழைவுக் குறிப்புப்படி, விடியற்காலையில் யாரோ கங்கம்மா பேரைச் சொல்லி நுழைந்து, நேற்றைய பதிவை அழிக்கப் பார்த்து, முடியாமல் விட்டிருந்தார்கள். பதிவு அப்படியே இருந்தது.

லேப்டாப்பைக் கூடத்தைப் பார்த்துத் திருப்பினாள். சத்தமில்லாத படம். ஸ்ரீஹரி பரோட்டா தின்றுகொண்டிருக்கிறான். ஒடிசாக்காரன் போனை நீட்டுகிறான். மூன்று பேர் நுழைகிறார்கள். முதல் அடி ஸ்ரீஹரியின் காதில். ஒடிசாக்காரன் பைப்பைப் பிடித்துத் தடுக்கிறான், முழங்கையில் வாங்கிக்கொண்டு வெளியே ஓடுகிறான். ஸ்ரீஹரி மேசைக்கடியில் ஊர்ந்து வாசலுக்கு வந்து, அங்கே நிற்கும் அண்ணாதுரையின் காலைக் கட்டிக்கொள்கிறான். அண்ணாதுரை அவன் முகத்தில் உதைத்து உள்ளே தள்ளுகிறான். ஷட்டரை வெளியிலிருந்து இழுத்து மூடுகிறான்.

கம்பெனிக்கு விற்கவிருந்த கூட்டு நிலத்துக்கு ஸ்ரீஹரி கையெழுத்துப் போட மாட்டேன் என்றது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆடு நனைகிறதென்று ஓநாய் இவ்வளவு நேரம் அழுதிருக்கிறது.

“சித்தப்பா, அது வந்து...” என்றான் அண்ணாதுரை.

அப்பாவு வாசலுக்குப் போனார். பாடைக்கு வெட்டிவைத்த பச்சை மூங்கிலோடு திரும்பி வந்தார். முதல் அடியில் அண்ணாதுரையின் தாடை உடைந்தது. விழுந்தவன் மேல் மூங்கில் பிளக்கும்வரை அடித்தார். “காலப் புட்ச்சானேடா, உன் காலப் புட்ச்சானேடா” என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. பிறகு ஆண்கள் அவனைத் தெருவுக்கு இழுத்துப் போனார்கள். கம்பத்திலிருந்து ஒடிசாக்காரனை அவிழ்த்துவிட்டவர்கள் கயிற்றைக் கீழே போடவில்லை.

நளினி எழுந்திருக்கவில்லை. பென் டிரைவைச் செருகி, பதிவை நகலெடுக்கப் போட்டிருந்தாள். அண்ணாதுரையின் ஆட்கள் தெருவில் யார் யாரென்று தெரியாது. இந்தப் பெட்டியையும் உடைத்துவிட்டால் அண்ணனுக்கு வேறு சாட்சி இல்லை. திரையில் நீலக் கோடு மெல்ல ஊர்ந்தது.

வைகாசி வெயில். கரண்டு இல்லாத ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் நீர்முத்துகள் கோத்து வழிந்தன. தாட்சாயணி முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடியும் கோத்தது.

“வேர்க்குதுடி அவனுக்கு. அத்தச் சொருகு.”

“தோ ஆயிடும்மா.”

நளினி ஒரு கையால் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியைத் துடைத்தாள். கோடு பாதிக்கு வந்திருந்தது.