அழிக்க வேண்டாம் என்றவர்

ஏணியக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. யாருக்கு ஞாபகம்? ஸ்கூட்டரின் பக்கவாட்டில் மடக்கு ஏணியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கேமரா மாட்டப் போகிறவளை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் அவளே போனை எடுத்ததும் "ஏணியக்கா பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மாட்டுவதில் ஒரு சிக்கலும் இல்லை. மாட்டிய பிறகு வருகிறதே மெமரி கார்டுத் தொல்லை, அதுதான் உயிரை எடுக்கும். ஜனங்களும் லேசுப்பட்டவர்களா? கேமராவைப் பத்துக் கடை ஏறி இறங்கித் தேடி வாங்குவார்கள். நகத்தளவு கார்டு வாங்கும்போது மட்டும் கைக்கு எது மலிவாகக் கிடைத்ததோ அது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் பார்ப்பது என்பது இதுதான். திருடன் வந்து போன மறுநாள் பார்த்தால் கார்டில் ஒன்றும் இருக்காது. உடனே, "என்னம்மா மாட்டிக் கொடுத்த நீ?" என்று இவள் மேல் பாய்வார்கள்.

அவளிடம் எல்லோருக்கும் ஒரே வைத்தியம். கார்டைக் கழற்று. பின்பக்கத்துத் தகடுகளை ரப்பரால் மெல்லத் துடை. திரும்பச் செருகு. ஃபார்மட் பண்ணு, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிடு. அதற்கும் மசியாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு. நூற்றுக்குத் தொண்ணூறு வீட்டில் இது பலித்துவிடும்.

அன்று காலை ஒரு போன் வந்தது. பேசியவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எடுத்த எடுப்பிலேயே, "ஃபார்மட் பண்ணாம சரி பண்ணத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"ஐயா, பல்லையும் புடுங்கக் கூடாது, வாயையும் திறக்க மாட்டேன்னா வைத்தியர் என்னதான் பண்ணுவாரு?" என்றாள் ஏணியக்கா. அவள் வாய் அப்படி.

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு. ஃபார்மட்னு ஆரம்பிச்சாரு. போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். போன்ல வேற, கார்டு பழுது, ஃபார்மட் பண்ணவா பண்ணவான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. வேணாம் வேணாம்னு அமுக்கிக்கிட்டே இருக்கேன்."

"அப்படி என்னதான் இருக்கு அந்தக் கார்டுல?"

"என் வீட்டம்மா இருக்கா" என்றார்.

இருக்கா என்று அவர் சொன்ன விதத்தில் ஏணியக்காவுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டாள். மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டுவிட்டு உடனே கிளம்பினாள்.

தரைத்தளத்தில் சின்ன வீடு. கதவைத் திறந்தவர் தேய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். யாரையோ அழைத்துவரக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். இவ்வளவு நம்பிக்கையை எப்படித் தாங்குவது என்று நினைத்துக்கொண்டே ஏணியக்கா உள்ளே நுழைந்தாள்.

கூடத்து அலமாரி மேல் உருண்டையாக ஒரு கேமரா இருந்தது. அது பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தரை விரிப்பில் கட்டில் கால் அழுந்திய நான்கு குழிகளும், பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலியும்தான் இருந்தன.

அவரே சொன்னார். மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று கேமராவை வாங்கி வைத்தாள். கார்டு சீக்கிரம் நிறைந்துவிடக் கூடாது என்று, ஆள் அசைந்தால் மட்டும் பதிவாகும்படி செய்துவிட்டுப் போனாள்.

"படுத்த படுக்கைதான். ஆனா வாய் மட்டும் குறையல" என்று லேசாகச் சிரித்தார் டிரைவர். "படுத்த இடத்துல இருந்தே குடும்பம் நடத்தினா. அடுப்புல பால் வச்சிருக்கீங்க, பொங்குது பாருங்கன்னு இங்கேருந்து சொல்லுவா. போய்ப் பாத்தா பொங்கிட்டிருக்கும்."

கோடையில் அந்த அம்மாள் போய்விட்டாள். வாடகைக் கட்டில் திரும்பப் போனது. வெறும் தரையைப் பார்க்க முடியவில்லை என்று மகள் தன் போனிலிருந்து அந்த ஆப்பை அழித்துவிட்டாள். இவர் மட்டும் கேமராவைக் கழற்றவில்லை.

"தினமும் பாப்பேன்மா. கஞ்சி குடிச்சது, தலை வாரி விட்டது, என்னைத் திட்டினது, எல்லாம் இருந்துச்சு. அப்புறம் பழைய நாளெல்லாம் ஒவ்வொண்ணா காணாமப் போக ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்குப் பாத்தது நாளைக்கு இருக்காது. கார்டு அரிச்சுக்கிட்டு வருதோ என்னமோன்னு பயந்துட்டேன். மிச்சம் இருக்கறதையாவது கண்ணாரப் பாத்துக்குவோம்னு, விடிஞ்சதும் உக்காந்தா இருட்டற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். கடைசியில ஒரே ஒரு துண்டு நின்னுச்சு. போன வாரம் அதுவும் போச்சு. கார்டு பழுதுன்னு அப்பதான் வந்துச்சு."

"பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அழுவா. அழுதுட்டு, கேமராவைக் கழட்டிப் போடுங்கப்பான்னுவா. எதுக்கு?"

சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்து, ஏணியக்கா கார்டைச் செருகினாள். கணினியும் முதல் வேலையாக ஃபார்மட் பண்ணவா என்றுதான் கேட்டது. பக்கத்தில் நின்ற டிரைவர் பதறி, "வேணாம்னு அமுக்குங்க, வேணாம்னு அமுக்குங்க" என்றார். அவள் அமுக்கினாள்.

கார்டு தேய்ந்துபோயிருந்தது. எழுதி எழுதி, அதன்மேல் திரும்ப எழுதி, இனி ஒரு எழுத்தும் ஏற்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டது. ஆனால் உள்ளே இருப்பதைப் படிக்க விட்டது. அதுவே பெரிய புண்ணியம். உள்ளதை உள்ளபடி கணினியில் நகல் எடுத்துக்கொண்டாள். "கிடைச்சிடும் போலிருக்குய்யா" என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். டிரைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

இருப்பதிலேயே பழைய பதிவைத் திறந்தாள்.

பிரம்பு நாற்காலி. அதில் டிரைவர். கையில் போன்.

அடுத்ததைத் திறந்தாள். நாற்காலி, டிரைவர், போன். நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மாற்றி மாற்றித் திறந்தாள். சட்டைதான் மாறியது. எல்லாவற்றிலும் அவர் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கேமராக்களின் குணம் ஏணியக்காவுக்குத் தெரியாததா? கார்டு நிறைந்துவிட்டால் அது யாரிடமும் கேட்காது. இருப்பதில் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளும். எல்லா வீட்டுக்கும் அதுதான் வசதி, போன மாதத்துப் பால்காரரை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப் போகிறார்கள்? ஆனால் இங்கே இந்த மனிதர், கேமரா பார்க்கிற அதே இடத்தில் உட்கார்ந்து மனைவியைப் பார்த்திருக்கிறார். கண்ணைத் துடைத்ததும் காலை மாற்றிப் போட்டதும் அசைவுதானே. ஒரு மணி நேரம் அவளைப் பார்க்க உட்கார்ந்தால், அவளுடைய ஒரு மணி நேரம் போய் அந்த இடத்தில் இவர் வந்துவிட்டார். போகிறாளே என்று பயந்து இன்னும் அதிக நேரம் உட்கார, அவள் இன்னும் வேகமாகப் போயிருக்கிறாள். அட கடவுளே, இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. அதையும் ஓடவிட்டாள். வெறுமனே அழிந்தது என்றால் கிடைக்கும், காலி வீட்டுக்குப் பழைய ஆள் திரும்பி வருவது மாதிரி. வேறு ஆள் குடிவந்துவிட்ட வீட்டில் என்ன செய்வது? மென்பொருள் ஓடி முடித்து, கிடைத்தது ஒன்றுமில்லை என்றது.

பொய் தயாராக இருந்தது. தொழிலில் ஒரு நாளைக்கு எத்தனையோ சொல்கிறாள், இதையும் சொல்லிவிட்டால் போகிறது. "கார்டு மட்டமானதுங்கய்யா. அரிச்சுத் தின்னுடுச்சு" என்றாள்.

டிரைவர் அதைக் காதில் வாங்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "இது நான்தானே?"

"ஆமாங்கய்யா."

"இதுலயும் நானா?"

அவள் தலையாட்டினாள்.

"எல்லாத்துலயும் நானா?"

அவர் கூடத்துக்குப் போனார். நாற்காலியைப் பார்த்தார், நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். இத்தனை வருடம் முன்னாலும் பின்னாலும் கண்ணாடி பார்த்து வண்டி ஓட்டிய மனிதர். எது எதைப் பார்க்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பி வந்து சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் உக்காந்தா அது எடுக்கும். எடுத்தா வைக்க இடம் வேணும்ல?"

"ஐயா, நீங்க தெரிஞ்சா பண்ணீங்க?"

"இதோ, இந்தச் சமையல் ரூம்ல உக்காந்து பாத்திருந்தா?"

இல்லை, அப்போதும் போயிருக்கும் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "இருந்திருப்பாங்க" என்றாள்.

அவர் அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். வயசான மனிதர் வாய்விட்டு அழுவதைப் பார்ப்பது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. "அவ கட்டில் பக்கத்துல இல்லாம நான் வேற எங்கம்மா உக்காருவேன்?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். ஏணியக்காவுக்கும் தாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதையாவது செய்ய வேண்டுமே என்று திரையில் இருந்த, கடைசி நாட்களின் பதிவையே மறுபடி ஓடவிட்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். திரையில் டிரைவரின் உதடு அசைந்தது. யாரிடம் பேசுகிறார்? சத்தத்தை முழுவதுமாக ஏற்றினாள்.

காற்றாடிச் சத்தம் கேட்டது. தெருவில் ஏதோ வண்டி போனது. அதற்கு நடுவில் ஒரு பெண் குரல், தகரத்துக்குள்ளிருந்து வருவது போல மெல்லியதாக. டிரைவர் அன்று போனில் பார்த்த பதிவின் சத்தத்தையும் சேர்த்துத்தான் கேமரா எடுத்திருந்தது.

தரையில் இருந்தவர் தலையைத் தூக்கினார். "அவதான்" என்றார். "அவதான்மா! அந்தக் கடைசித் துண்டு." சுவரைப் பிடித்து எழுந்து ஓடிவந்தார். ஏணியக்கா நகர்ந்து இடம் விட்டாள். குரல் இப்போது தெளிவாகவே கேட்டது.

"ஏங்க, இன்னும் எவ்வளவு நேரம் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க? எந்திரிச்சுப் போய்ச் சாப்பிடுங்க. நான் எங்க ஓடிடப் போறேன்?"

திரையில் இருந்த டிரைவர் சிரித்தார். "போறேன், போறேன்" என்று போனைப் பார்த்துப் பதில் சொன்னார். போகவில்லை. விரலால் தள்ளி முதலிலிருந்து வைத்தார். எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க என்று அவள் திரும்பவும் கேட்டாள். எந்திரிச்சுப் போகச் சொன்னாள். அவர் திரும்பவும் முதலிலிருந்து வைத்தார்.

ஏணியக்கா அடுத்த பதிவைத் திறந்தாள். அதிலும் அதே குரல், அதே பேச்சு. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"இதெல்லாம் பென் டிரைவ்ல போட்டுத் தரேன்யா" என்றாள். "இது எங்கயும் போகாது. எங்க உக்காந்து வேணும்னாலும் கேக்கலாம்."

அவர் தலையை ஆட்டினார். காதைத் திரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, குரல் வரும்போதெல்லாம் கண்ணை மூடினார்.

"தினம் தினம் சொல்லியிருக்காளேம்மா" என்றார் கடைசியில். "எந்திரி, எந்திரின்னு அவ வாயாலயே சொல்லியிருக்கா. ஒரு தடவையாவது அவ பேச்சைக் கேட்டு எந்திரிச்சிருக்கலாமே நான்."

திரையில் இருந்தவர் அப்போதும் எழுந்திருக்கவில்லை.