பொன்னுசாமியின் முகம்

சம்பந்தத்தின் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வலப்பக்கம் வகிடெடுத்தாள் ஜோதிலட்சுமி. அவன் அவளுடைய கணவனின் தம்பி. பல்லாவரம் தோல் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து, செத்துப்போன அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சட்டை அளவாக இருந்தது. அது இருவருக்குமே பிடிக்கவில்லை.

"மூக்கு அப்டியே அதே மூக்கு," என்றான் சிலிண்டர் போடும் பிரிட்டோ, போனைத் துடைத்தபடி. "அவரு மாதிரியே மூஞ்ச உர்ருனு வெச்சிக்கங்கண்ணா. சிரிச்சீங்கன்னா மாட்டிக்குவோம்."

கேஸ் இணைப்பு அவள் கணவன் பொன்னுசாமி பேரில் இருந்தது. அவன் போய் எட்டு மாதம். பேர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அந்த மனு மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. முகத்தைக் காட்டிச் சரிபார்க்காத இணைப்புகளுக்கு இன்றோடு மானியம் நின்றுவிடும். மானியம் இல்லாத விலைக்கு அவளால் சிலிண்டர் வாங்க முடியாது. போன மாதம் தீர்ந்தபோது மொட்டைமாடியில் விறகு எரித்தாள். ஊருக்குள் புகை கூடாதென்று கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து வீட்டின் சொந்தக்காரரை எச்சரித்துவிட்டுப் போனார்கள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே எரித்தாள். மூன்றாம் நாள், நெஞ்சில் விசில் சத்தத்தோடு மூச்சு விட முடியாத மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். எழிலுக்கு ஒன்பது வயது.

பிரிட்டோ போனை சம்பந்தத்தின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ஆடாதீங்க. கண்ண சிமிட்டுங்க. இன்னொரு தபா."

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சையானது.

"ஏத்துக்கிச்சு," என்றான் பிரிட்டோ. சிரிக்க வந்தவன் சிரிக்கவில்லை. பொன்னுசாமியின் பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

அலமாரியில் பொன்னுசாமியின் போன் ஒலித்தது. கேஸ் பதிவுக்காக அதை அவள் அணைக்காமல் வைத்திருந்தாள். 'பொன்னுசாமி அவர்களே, உங்கள் விவரம் உறுதி செய்யப்பட்டது.' படித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"இது ஒரு தபாதானே அண்ணி?" என்றான் சம்பந்தம்.

பிரிட்டோதான் சொன்னான். "வருஷா வருஷம் கேக்கும்ணா." காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டியவன் நின்றான். "யக்கா, அந்த மனுவ இனிமே குடுக்காத. உயிரோட கீறாருன்னு இப்பதானே காட்டிக்கினோம்."

அவன் போனபின் சம்பந்தம் சமையலறைக்குள் போய் அவன் கொண்டுவந்திருந்த புது சிலிண்டரை மாட்டினான். அடுப்பைப் பற்றவைத்தான். நீலமாக, சத்தமில்லாமல் எரிந்தது. சட்டையைக் கழற்றச் சொல்ல நினைத்தாள் ஜோதிலட்சுமி. சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு எழில் வந்தாள். ஒரு கால் வாசலுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. சமையலறையில் தெரிந்த முதுகைப் பார்த்து அப்படியே நின்றாள்.

வீட்டில் புகை இல்லை. ஆனாலும் அவள் நெஞ்சிலிருந்து அந்த விசில் சத்தம் கிளம்பியது.

சம்பந்தத்துக்கும் அது கேட்டது. அவன் திரும்பாமல், எரிகிற தீயையே பார்த்துக்கொண்டு நின்றான்.