ஒரு சொந்தமும் இல்லாத ஊர்

மெற்றில்டா ஊர் உலகம் பார்க்காதவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பாரிசுக்கு இரண்டு தரம் போயிருக்கிறாள். தங்கச்சி வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்தாள். ரொறன்ரோவுக்கும் போனாள், தமையன் வீட்டில் கலியாணப் பலகாரம் சுட்டாள். அங்கெல்லாம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

லண்டனில் அவள் இருக்கிற மிச்சம் பகுதியின் நூலகத்தில் சனிக்கிழமைகளில் புதிய போலந்து நாவல்களை ஆங்கிலத்தில் வாசிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அதை நடத்துகிற பெயாற்றா, மெற்றில்டா போகிற கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசைக்கு வருகிற போலந்துக்காரி. அவளுடைய வற்புறுத்தலில்தான் மெற்றில்டாவும் போய்ச் சேர்ந்தாள். அந்த நாவல்களில் வருகிற பெண்கள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, தாங்கள் யாரென்று கண்டுபிடிக்கிறார்கள். மெற்றில்டாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: அந்த ஊரில் அவர்களுக்குச் சொந்தக்காரர் இல்லையென்றால் சாப்பாடு யார் வீட்டில்? கேட்டே விட்டாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"ஜூன் மாதம் நாங்கள் போலந்திலுள்ள கிராக்கோவுக்குப் போகிறோம். நீயும் வா. ஞாயிறு பூசைக்கு வரும்போது பதில் சொல்," என்றாள் பெயாற்றா.

ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். எதற்கும் முதலில் பக்கத்திலேயே சொந்தக்காரர் இல்லாத ஓர் இடத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். லண்டனில் உறவுக்காரர் இல்லாத இடம் கிடைப்பது லேசான காரியமா? தேடித் தேடி, ஆற்றங்கரையில் இருக்கிற ரிச்மண்டைப் பிடித்தாள்.

ஆற்றங்கரைக்கு வந்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். ஒரு டப்பா நிறையப் பயற்றம் பணியாரம்! வெறுங்கையோடு போகக்கூடாதென்று விடியவே எழும்பிச் சுட்டுக் கட்டியிருக்கிறாள். கொடுப்பதற்குத்தான் இங்கே ஒரு வீடும் இல்லை.

வெட்கமும் சிரிப்புமாக கரையோர மர வாங்கில் உட்கார்ந்து ஒன்றைக் கடித்தாள். பிறகு இன்னொன்று. இத்தனை வருடமும் உடைந்ததையும் கருகியதையும்தான் அவள் தின்றிருக்கிறாள். அட, என் கைக்கு இவ்வளவு ருசியா! யாரும் தேத்தண்ணீர் கேட்கவில்லை. மூன்று மணிநேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு சந்தோஷம் தனக்குள் கிடந்தது அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரிடம் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நான் ஜூனிலை போலந்துக்குப் போறன்."

செபமாலைமுத்து பார்த்துக்கொண்டிருந்த ரிவியை நிறுத்திவிட்டார். "போலந்துக்கோ? அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை," என்றாள் மெற்றில்டா. "அதுக்காண்டித்தான் போறன்."