மைதானத்தில் தொலையாத சாவி

மகள் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். பள்ளி விளையாட்டு விழாவில் அப்பாவும் பிள்ளையும் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓடும் மூன்று கால் ஓட்டம். ஐம்பது மீட்டர். முழுக்கப் புல்.

"நம்ம ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம்ப்பா. ஈசியா ஜெயிச்சிடலாம்."

அவளுக்கு ஒன்பது வயது. என் உயரத்தைப் பற்றி வீட்டில் எல்லோருக்குமே இப்படி ஒரு கருத்து உண்டு.

நான் புல்லில் கால் வைத்துப் பதினோரு வருடமாகிறது. பட்டாளத்தில் எனக்குக் கண்ணிவெடி தேடி எடுக்கும் வேலை. இப்போது செருப்புக் கடையில். அப்போதும் முட்டி போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போதும் அதே முட்டி, அதே தரை. பதவி உயர்வு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பூங்காவுக்குப் போனால் சிமென்ட் நடைபாதையோடு சரி. மனைவியின் தம்பி எனக்கு வைத்திருக்கும் பெயர் 'தார் ரோடு'. புல் என்றால் அலர்ஜி என்று நானும் மூக்கை உறிஞ்சிக் காட்டுவேன். அதை நம்பி மனைவி மாத்திரை வாங்கித் தருகிறாள். இல்லாத வியாதிக்கு இத்தனை வருடம் ஒழுங்காக மாத்திரை தின்ற ஆள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஒருமுறை மச்சானிடம் ஆரம்பித்தேன். சுருட்டை என்று எங்கள் கூட்டாளி ஒருவன். நான் தேடிப் பார்த்து, சரி என்று கொடி நட்டுக் கொடுத்த பாதையில்தான் அவன் நடந்தான். இவ்வளவுதான் சொன்னேன். மச்சான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்: "எவ்வளவு சத்தம் வரும் மச்சான்?"

உடனே பேச்சை மாற்றி, எங்கள் பட்டாளத்துச் சமையல்காரரை ஆடு துரத்திய கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அந்த ஆட்டைத்தான் அவிழ்த்து விடுகிறேன்.

மகளிடம் சொல்லாததற்குக் காரணம் வேறு. புல்லைக் கண்டால் செருப்பை உதறிவிட்டு ஓடுகிறவள் அவள். நான் ஒரு வரி சொன்னால் போதும், அடுத்த முறை ஓரத்தில் ஒரு நொடி தயங்கி நிற்பாள். அந்த ஒரு நொடியை என் கையால் கொடுக்க மனசு வரவில்லை.

அதனால் வேறொரு காரியம் செய்தேன். விழாவுக்கு முந்தின நாள் மாலை, பல்வலி என்று கடையில் சொல்லிவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போனேன். ஓரத்துச் சிமென்டில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். இரண்டு விரல் இடைவெளியில் ஒரு குத்து. சாய்த்துத்தான் குத்த வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் இறங்கி, கேட்காமலே பதில் வந்துவிடும். பள்ளிக்கூட மைதானத்தில் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் ஒரு மீட்டர் முன்னேறியிருந்தேன். இந்தக் கணக்கில் போனால் ஓட்டத்தை அடுத்த விழாவுக்குத்தான் தள்ளிப்போட வேண்டும்.

"என்ன சார் தேடுறீங்க?"

மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர், புல்வெட்டும் மெஷினோடு சிமென்டில் நின்றிருந்தார்.

"சாவிண்ணே. வீட்டுச் சாவி."

"அடடா, இதுக்கா படுத்துக் கிடக்கிறீங்க? இருங்க, நானும் பாக்கிறேன்."

நல்ல மனுஷன். மெஷினை விட்டுவிட்டு நேரே புல்லுக்குள் இறங்கி நடந்தார், நான் தேடாத பக்கமாக.

"அசையாதே! நில்லு!"

கத்தியது என் குரல்தான். பதினோரு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய குரல். அவர் ஒரு காலைத் தூக்கியபடியே கொக்கு மாதிரி நின்றுவிட்டார்.

"என்ன சார், பாம்பா?"

பாம்பு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் இன்னும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை. பிறகு, எப்படியென்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, சுருட்டை, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் அவன் என்னைப் பார்த்து, "நீ சரின்னுதானே சொன்னே?" என்று கேட்டது, எல்லாம்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நான் பயந்தது நடந்தது: மெல்லக் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். என் பயம் அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறகு, "நாளைக்கும் இதுல நான்தான் சார் மெஷின் தள்ளணும்" என்று சொல்லி, தூக்கிய காலை வேண்டுமென்றே ஓங்கி வைத்தார். "பதினாலு வருஷமா வாரா வாரம் வெட்டறேன். நான் மிதிக்காத இடமே இங்க இல்ல. நீங்க எழுந்திரிங்க."

மறுநாள், நாங்கள் ஓட வேண்டிய தடத்தில் மட்டும் புல் ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. அதன் கோடியில் மைதானக்காரர் செருப்பைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நின்றார். மகள் தன் இடக்காலையும் என் வலக்காலையும் சேர்த்துக் கட்டினாள். இனி நான் வைக்கும் இடத்தில்தான் அவள் காலும்.

"அப்பா, ஏன் இப்படி வேர்க்குது?"

"ஜெயிக்கணும்ல, அதான்."

விசில் ஊதினார்கள். நான் அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டு போனேன். கடைசியாக வந்தோம். எங்களுக்கு முந்தினவர்கள் தண்ணீரே குடித்து முடித்திருந்தார்கள். "நீங்க பூமிக்கு வலிக்கும்னு நடக்கிறீங்கப்பா" என்று மகள் முறைத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தோழிகளிடம் ஓடினாள். எங்கும் நிற்காமல் ஓடினாள்.

மனைவி வந்ததும் மைதானக்காரர் என் பொய்யைக் காப்பாற்றும் உற்சாகத்தில், "சாவி கிடைச்சிருச்சா சார்?" என்றார்.

"என்ன சாவி? எங்கிட்டதானே இருக்கு?" என்றாள் மனைவி. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மெஷின் பக்கம் நழுவினார்.

வழக்கமாக இந்த இடத்தில்தான் ஆட்டை அவிழ்ப்பேன். இன்று அது வரவில்லை.

"எனக்கு அலர்ஜி இல்ல."

"என்னங்க?"

"எப்பவுமே இருந்ததில்ல. இனிமே மாத்திரை வாங்காத."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இருந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் காட்டி, "உக்காந்து சொல்லுங்க" என்றாள்.

அவள் காட்டிய இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை. அவள் அவசரப்படுத்தவில்லை.