பதினைந்து அட்டைகள்

பிள்ளைக்கு மார்க் குறைந்துவிட்டது என்று அழுத தகப்பன்மார் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். மார்க் கூடிவிட்டது என்று அழுதவர் அநேகமாக நம் பைண்டர் ஒருவர்தான்.

“எண்பத்து நாலு வந்திருக்கு” என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம். அறிவுத்திறன் சோதனை நடத்திச் சான்றிதழ் எழுதுவது அவர் வேலை. “எழுபதுக்குக் கீழ இருந்தாத்தான் இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கான விடுதியில எடுப்பாங்க.”

பைண்டர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மகளுக்கு முப்பத்தொரு வயது. இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். சட்டைப் பொத்தானை அவர்தான் போட்டுவிட வேண்டும். வெந்நீர் சுடும் என்பதை தினமும் புதிதாகக் கையை விட்டுத்தான் தெரிந்துகொள்வாள். தனியாகத் தெருவைத் தாண்ட விட்டால் அன்றோடு கதை முடிந்தது. அவளுக்கு எண்பத்து நாலாம்.

“மேடம், இவளுக்கு மணி பாக்கத் தெரியாது. பசிக்குதுன்னு சொல்லக்கூடத் தெரியாதுங்க.”

“நம்பறேங்க. ஆனா ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல. புத்திங்கறது ஒண்ணா, பலதான்னு படிச்சவங்க நூறு வருஷமா சண்டை போட்டுட்டு இருக்காங்க. இங்க இருக்கறது ஒரே கட்டம். அதுல ஒரே நம்பர்.”

படித்தவர்கள் நிதானமாகச் சண்டை போடலாம். பைண்டருக்கு அந்த வசதி இல்லை. நாற்பது வருஷம் காகிதத் தூசியைச் சுவாசித்த நுரையீரல் இன்னும் ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். மனைவி போய் நாலு வருஷமாகிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மட்டும், “உங்களுக்கப்புறம் ஒரு வருஷம்னா எப்படியாவது பாப்பாவப் பாத்துக்கறேண்ணா. அதுக்கு மேல எனக்கே ஒரு ஆள் வேணும்” என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்குப் பிறகு விடுதி. விடுதி இல்லையென்றால் தெரு.

மேடம் விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. அறுபது படம். ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு இருக்காது. கீழ இருக்கற ஆறுல எது பொருந்தும்னு விரல் வைக்கணும். முதல் பக்கத்துல அஞ்சு வயசுக் குழந்தை சொல்றதெல்லாம் இவ தப்பா வச்சிருக்கா. கடைசிப் பக்கத்துல நானே முழி பிதுங்கி நிக்கறதெல்லாம் சரி.”

சோதனைப் புத்தகத்தைப் பைண்டர் பக்கம் திருப்பி வைத்தார். சோதனை நடந்தபோது பைண்டரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். அதனால் இப்போதுதான் பார்த்தார். கடைசிப் பக்கத்துப் படங்களெல்லாம் அவர் வீட்டில் இருக்கிறவை.

அச்சகத்தில் தாளை மடித்துத் தைப்பது அவர் வேலை. மேலட்டை வேறு இடத்தில் அச்சாகும். என்ன புத்தகம் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள், அவர் கேட்கவும் மாட்டார். பாப்பாவுக்கு ஏழு வயதில், மை இழுகிக் கழிவில் விழுந்த சில தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கட்டமும் வட்டமுமாக நல்ல படங்கள். வெட்டி அட்டையில் ஒட்டினார். விடை எது என்று அவரும் மனைவியும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தார்கள். பிறகு மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கோடுகள் நெருக்கமாக இருக்கும் கஷ்டமான படங்கள்தான் அச்சில் அதிகம் கெடும். அதனால் வீட்டுக்கு வந்ததும் அவைதான். வருஷா வருஷம் சேர்ந்து முப்பத்தெட்டு அட்டை. சில அட்டைக்கு ஒரு மாதம், சில அட்டைக்கு இரண்டு வருஷம். விரல் சரியான இடத்தில் பட்டால் “சபாஷ்” என்று கைதட்டுவார். அவள் முகமெல்லாம் பல்லாகச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் இருமிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தார்.

பைண்டர் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

“இத நான் எழுதினா, கேள்வித்தாள் எப்படி வெளிய போச்சுன்னு விசாரணை வரும். அது முடியவே ரெண்டு வருஷம். அதுவரைக்கும் இவ ஃபைலத் தொட மாட்டாங்க. எழுதலன்னா அடுத்த வருஷம் மறுபடி கூட்டிட்டு வரலாம்.”

“அப்பவும் இதே படங்களா மேடம்?”

“இதேதான். வேற வாங்கித் தரல.” அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொல்லக்கூடாததைச் சொல்கிறவர் போல மெதுவாகச் சொன்னார். “இன்னும் பதினஞ்சு படம் தப்பாயிருந்தா விடுதிக்குள்ள போயிருப்பா.”

பஸ்ஸில் வரும்போது அட்டைகளைக் கொளுத்திவிடலாமா என்று பைண்டர் யோசித்தார். பிரயோஜனம் இல்லை. ஒருமுறை வீடு மாறியதில் பதினோரு அட்டை தொலைந்து மூன்று வருஷம் கழித்துக் கிடைத்தது. பாப்பா பதினொன்றிலும் பிசகாமல் விரல் வைத்தாள். அவளுக்கு ஏறுவது கஷ்டம். ஏறியது இறங்காது. இறக்குவதென்றால் ஏற்றியவர்தான் இறக்க வேண்டும்.

மறுநாள் காலை சாப்பாடு ஊட்டி முடித்ததும் பதினைந்து அட்டைகளைப் பொறுக்கித் தரையில் அடுக்கினார். பாப்பா ஓடிவந்து உட்கார்ந்தாள். முதல் அட்டை. விரல் நாலாவது படத்துக்குப் போனது. சரியான படம். அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கைதட்டவில்லை.

அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, விரலை எடுத்து அதே இடத்தில் இன்னும் அழுத்தி வைத்தாள். நகம் வெளுத்தது. “அப்பா, இது.”

“இல்லம்மா. இதில்ல.”

வாழ்க்கையில் அவர் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. பெற்ற மகளின் ஒரே வித்தையை அவள் கையிலிருந்து பிடுங்குகிறோமே என்று நினைத்துக்கொண்டே இருமினார். அவள் கையைப் பிடித்து இரண்டாவது படத்தின் மேல் வைத்து, “சபாஷ்” என்று தட்டினார். கை நகர்ந்து நாலுக்கே போனது. மறுபடி இரண்டில் வைத்தார். மறுபடி நாலு. முதல் வாரம் முழுக்க இதே அட்டைதான். நடுவில் ஒருநாள் அவள் அழுதாள், ஒருநாள் அட்டையைத் தூக்கி எறிந்தாள். ஒருநாள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தட்டவைத்துப் பார்த்தாள்.

எட்டாம் நாள் அவள் விரல் வைக்கவே இல்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரே ஆள்காட்டி விரலை இரண்டாவது படத்தில் வைத்து, “இது” என்றார்.

பாப்பா அவருடைய விரலை மெல்லப் பிடித்துத் தூக்கினாள். அவசரப்படாமல், இருபத்து நாலு வருஷம் அவர் அவளுக்கு எப்படிச் செய்தாரோ அப்படியே, நாலாவது படத்தின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அது நகராதபடி தன் கையால் அழுத்திக்கொண்டாள்.

“சபாஷ் அப்பா” என்றாள். பிறகு கையை விட்டுவிட்டுத் தட்டினாள்.

அவர் விரல் அங்கேயே இருந்தது. மற்ற பதினாலு அட்டைகளும் இன்னும் எடுக்கப்படாமல் பக்கத்தில் கிடந்தன.