நீதிபதியின் பன்னிரண்டு வசனங்கள்

அச்சகத்தில் முப்பது வருஷமாகப் புத்தகம் தைப்பவரை எல்லோரும் பைண்டர் என்றே கூப்பிடுவார்கள். போன மாதம் அவர் பாடப்புத்தகம் ஒன்றில் பதினாறு பக்கங்களை முன்பின்னாக வைத்து இருநூறு பிரதிகளைத் தைத்துத் தள்ளிவிட்டார். முதலாளி காய்ச்சி எடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். தைத்ததே நினைவில் இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அவருடைய அப்பாவுக்கு வந்த மறதியும் இதே ஐம்பத்தைந்து வயதில்தான் ஆரம்பித்தது.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. அச்சகத் தொழிலாளர்கள் போட்ட நாடகத்தில் நீதிபதி வேஷம் காலியாக இருக்கவே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மொத்தம் பன்னிரண்டு வசனம். தப்பில்லாமல் சொல்லிவிட்டால் தலைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். பயந்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

நாடகமா அது! கதாநாயகனான அச்சு மெஷின்காரர் முதல் காட்சியிலிருந்து ஒரே தாவலில் மூன்றாம் காட்சிக்குப் போய்விட்டார். கொலையே நடக்காமல் வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டது. சாக வேண்டியவர் சாட்சிகளோடு உட்கார்ந்து திருதிருவென்று விழித்தார். கூட்டத்தில் பாதி பேர் எழுந்து போய்விட்டார்கள்.

பைண்டர் வாயைத் திறந்தார். ஒன்றுமே வரவில்லை. காலையில்கூட இருந்த பன்னிரண்டும் துடைத்து வைத்தாற்போலப் போயிருந்தன. அவ்வளவுதான், வந்துவிட்டது என்று நினைத்தார்.

"கூண்டில் நிற்பவன் யார்?" என்றது ஒரு குரல். இரண்டாவது வரிசையில் அவர் மனைவி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் அதையே திருப்பிச் சொன்னார். அவள் அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டும் இப்படியே. நடக்காத கொலைக்கு மனுஷர் வியர்க்க விறுவிறுக்கத் தூக்குத் தண்டனை கொடுத்துவிட்டு இறங்கினார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு மாசமா பாத்ரூம்ல கத்தினது வெளில கேக்காதுன்னு நினைச்சீங்களா? எதுக்குக் கத்தினீங்கன்னும் தெரியும். புத்தக விஷயத்தை மெஷின்காரர் பொண்டாட்டி அன்னைக்கே சொல்லிட்டா. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

"பயமா இருக்கு," என்றார். அந்த உருப்படாத நாடகம் மட்டும் இல்லையென்றால் இதை அவர் சொல்லியே இருக்க மாட்டார்.

"எனக்கும்தான்."

"ஒருநாள் உன்னையே யாருன்னு கேட்டுட்டேன்னா?"

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"கேளுங்க. எடுத்துக் கொடுக்கிறேன். திருப்பிச் சொன்னா போதும்."