குப்பாயி அனுப்பிய சிவப்புச் சீலை

விடிந்ததிலிருந்து கண்ணாயி அந்தச் சிவப்புச் சீலையை உடுத்துவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். உடுத்தினால் உடம்பு கூசியது. அவிழ்த்துக் கொடியில் போட்டால், அது அங்கே தொங்கிக்கொண்டு அவளையே பார்ப்பதுபோல் இருந்தது.

அனுப்பியவள் அத்தை குப்பாயி. அவள் மகன் வெள்ளையனுக்கு இன்று கல்யாணம். வெள்ளையனுக்குக் கண்ணாயிதான் என்று இருவரும் தவழ்ந்த காலத்திலிருந்தே மலைமேல் திண்ணனூர் நாட்டு ஊர்களில் எல்லாம் பேச்சு. போன தை மாதம் எடப்புளி நாட்டில் பொன்னாயி என்றொரு பெண் இருப்பதாகச் சேதி வந்தது. ஒரே மகள், மிளகுக்கொடி ஏறிய காடும் அவளோடு வரும் என்றார்கள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கண்ணாயியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீலைதான் வந்தது.

“இதக் கட்டிக்கிட்டுக் கண்ணாயி பந்தலுக்கு வரட்டும். மனசுல ஒன்னுமில்லேன்னு நாலு சனத்துக்குத் தெரியட்டும்” என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள்.

வெள்ளையன்மேல் அவளுக்கு உயிரா என்றால் அதுவுமில்லை. அவன் மூக்கால் சிரிப்பவன். ஆனாலும், வேண்டாம் என்று சொல்வதற்குத் தனக்கும் ஒரு வாய் கொடுத்திருக்கலாமே என்றுதான் இருந்தது. சிவப்பைக் கட்டிப் போனால், ஒரு சீலைக்கே வாயடைத்துவிட்டாள் என்பார்கள். கட்டாமல் போனால், ஏங்கிப்போய் வந்து நிற்கிறாள் என்பார்கள்.

“இன்னும் என்னடி பண்ற? நீ சீலை கட்டி முடிக்கறதுக்குள்ள அவங்க தாலியே கட்டிருவாங்க போல” என்று வாசலிலிருந்து அம்மா மயிலம்மாள் கத்தினாள்.

“நான் வரலேம்மா.”

“வராம? எங்கண்ணன் ஊட்டு வாசப்படிய நான் மறுக்கா மிதிக்கோணுமா, வேண்டாமா?”

“அப்ப அரக்குச் சீலையக் கட்டிக்கிறேன்.”

“ராகிக் காட்டுக்குக் கட்டறதையா? நாம என்ன எழவு ஊட்டுக்கா போறோம்?”

கண்ணாயி இரண்டையும் மடித்து மூட்டையில் வைத்தாள். நல்ல சீலையைக் கட்டிக்கொண்டு அந்த மலையில் யாரும் நடப்பதில்லை. முள்ளும் சேறும் அட்டையும் கடந்து, கல்யாண ஊருக்கு வெளியே ஓடைப் பாறை மறைவில்தான் பெண்கள் உடுப்பு மாற்றுவார்கள். அதுவரைக்கும் முடிவு செய்ய வேண்டியதில்லை என்பதில் அவளுக்குச் சின்ன ஆறுதல்.

அந்த ஆறுதல் முதல் ஏற்றத்திலேயே தீர்ந்துபோனது. மூட்டை இடுப்பிலிருந்து தலைக்கும் தலையிலிருந்து இடுப்புக்கும் போய்வந்தது.

“மூட்டைக்குள்ள கோழியா வெச்சிருக்கற கண்ணாயி? ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே” என்றாள் கூட வந்த பக்கத்து வீட்டு அத்தாயி. கண்ணாயி சிரிக்கவில்லை.

ஓடையில் அம்மாவும் அத்தாயியும் சட்டென்று மாற்றிக்கொண்டார்கள். மேளம் கேட்டதும் அம்மாவுக்குக் கால் தரிக்கவில்லை. “வெரசா வா. சிவப்பு, தெரியுதா?” என்று விரலை ஆட்டிவிட்டு அத்தாயியோடு முன்னே போய்விட்டாள்.

கண்ணாயி இரண்டு சீலைகளையும் பாறைமேல் விரித்துப் போட்டுவிட்டு நின்றாள். சிவப்பைத் தொட்டாள், விட்டாள். அரக்கை எடுத்தாள், வைத்தாள்.

“அட, இது என்னுதாட்டவே இருக்குதுங்க!”

பின்னால் ஒரு பெண், ஓரம் நனைந்த பச்சைச் சீலையில், கையில் மூட்டையோடு நின்றாள். மூட்டையை அவிழ்த்துத் தன்னுடையதை எடுத்துக் காட்டினாள். அதே சிவப்பு, அதே மஞ்சள் கரை. “பரிசத்துக்குக் குடுத்ததுங்க” என்றாள்.

எடப்புளி நாட்டார் வேறு தடத்தில் வந்து இதே ஓடையில் இறங்கியிருக்கிறார்கள். அக்கரையில் ஆட்களின் பேச்சுக் கேட்டது. மலையேறி வந்த துணிமூட்டைக்காரனிடம் அத்தை ஒரே மாதிரியில் இரண்டு எடுத்திருக்கிறாள்!

இரண்டு சீலைகளையும் மாறிமாறிப் பார்த்த அந்தப் பெண்ணின் முகம் மெல்ல மாறியது. “நீங்க… கண்ணாயி அக்காங்களா?”

கண்ணாயி தலையசைத்தாள்.

“நீங்க பழசக் கட்டிக்கிட்டு வந்து நின்னா என்ன பண்றதுன்னு எங்கம்மா வழியெல்லாம் பொலம்பலுங்க.”

“புதுசக் கட்டிக்கிட்டு வந்தா?”

“அதுக்கும் பொலம்பல்தான்.” பொன்னாயி பாறையில் சாய்ந்தாள். அவள் விரல்கள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தன. “எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க. அவரு எப்படிங்க, அக்கா?”

கண்ணாயி கொஞ்சம் யோசித்தாள். “மூக்கால சிரிப்பான்.”

பொன்னாயிக்குச் சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாயிக்கும் தொற்றிக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் கண்ணாயி தன் சிவப்புச் சீலையை மடித்துப் பொன்னாயியின் மூட்டையில் வைத்தாள். “இதையும் நீயே வெச்சுக்க. ஒன்னு தொவச்சுப் போட்டா ஒன்னு கட்டலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

“அப்ப நீங்க?”

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய் அவளுடையது. அதனால் கேட்டது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. “நீ அவுக்கப்போற அந்தப் பச்சைய எனக்கு இன்னிக்கு மட்டும் குடுக்கறயா?”

“எங்கம்மாளுதுங்க இது. நடக்கறதுக்குன்னு கட்டிவுட்டாங்க. ஓரமெல்லாம் ஈரம்.”

“பரவால்ல.”

பொன்னாயி சிவப்பிலும் கண்ணாயி பச்சையிலுமாகப் பாறை மறைவிலிருந்து வெளியே வந்ததும் எடப்புளிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அது மாதம்மா சீலையில்ல?” என்றாள் ஒருத்தி.

“நாந்தான் குடுத்தேன். கண்ணாயி அக்கா” என்றாள் பொன்னாயி.

அவள் அம்மா மாதம்மாள் கண்ணாயியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, தோளில் சரிந்திருந்த மடிப்பை இழுத்துச் சரி செய்தாள். “நட கண்ணு” என்றாள்.

பந்தல் வாயிலில் குப்பாயி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். சிவப்பு தெரிந்ததும் மருமகளை உள்ளே அனுப்பிவிட்டு, இன்னொரு சிவப்பைத் தேடித் தடத்தையே பார்த்தாள். பச்சைக்காரியின் கையில் முகம் பாராமலே சந்தனத்தைத் தடவினாள். “வாங்க, சம்மந்தி சனமா, வாங்க.” அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தாள்.

“கண்ணாயி… சீலை எங்கேடி?”

உள்ளே தூண் ஓரமாக மயிலம்மாள் இரண்டு கைகளையும் பிசைந்துகொண்டு நிற்பது கண்ணாயிக்குத் தெரிந்தது.

“பொண்ணுகிட்ட இருக்குதுங்க அத்தை.”

குப்பாயி வாய் திறந்தாள். பின்னால் நின்ற மாதம்மாள், “உள்ள உடுங்க சம்மந்தி, வெயிலேறுது. எங்கூட வந்த புள்ளதான்” என்றாள். குப்பாயி கிண்ணத்தைக் கை மாற்றினாள். அத்தனை சம்பந்திகள் பார்த்திருக்க அவளால் சொல்லக்கூடியது ஒன்றுதான். “வா சாமி, உள்ள வா.”

மயிலம்மாள் மூச்சு விட்டதைக் கண்ணாயி தூரத்திலிருந்தே பார்த்தாள்.

எடப்புளிப் பெண்கள் நடுவே உட்கார்ந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈர ஓரம் கணுக்காலில் ஒட்டியது. சீலையில் யாரோ வீட்டு அடுப்புப் புகை வாசம். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது மேளம் ஓங்கியது. மாப்பிள்ளையிடம் யாரோ எதையோ சொல்ல, வெள்ளையன் மூக்கால் சிரித்தான்.

சிவப்புச் சீலை திரும்பியது. கூட்டத்துக்குள் பச்சையைத் தேடிக் கண்டுபிடித்த பொன்னாயி, சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.